முன்னால் போன மூட்டை

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு இருதயநாதன் வாத்தியார் வீட்டு வாசலில் நின்றவர்கள்:

என் அப்பா அய்யாக்கண்ணு, கையில் தாரண வருஷத்துப் பஞ்சாங்கம். என் தங்கை புஷ்பவல்லி, கையில் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுக் காத்தாயி, கையில் சாணி வாளி. சின்னதுரை என்கிற நான். கதவில் ஒரு திண்டுக்கல் பூட்டு. அது ஆள் இல்லைதான். ஆனால் அன்றைக்கு அங்கே தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

வாத்தியார் வீட்டில் யாரும் இல்லை. உள்ளே புஷ்பவல்லியின் மூட்டை இருந்தது. மூட்டைக்குள் ஒரு கடிதம் இருந்தது. அந்தக் கடிதத்தோடு அவள் பகல் பன்னிரண்டு மணிக்குள் பெரம்பலூரில் இருக்க வேண்டும்.

பெரம்பலூரில் கன்னியாஸ்திரிகள் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நடத்தினார்கள். வருஷத்துக்கு ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து, மருத்துவச்சி வேலை கற்றுக்கொடுத்தார்கள். வாத்தியார் வேதக்காரர், சிஸ்டர்மார்களுக்குத் தெரிந்தவர். அவர் சிபாரிசில் புஷ்பவல்லிக்கு ஆறாவது இடம் கிடைத்தது. ஏழாவதாக ஒருத்தி காத்திருந்தாள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கதவைப் பூட்டுவோம், வராதவள் இடம் அடுத்தவளுக்கு என்று சேர்க்கைக் கடிதத்திலேயே எழுதியிருந்தது. அதற்குக் கீழே நாலு வரி வாத்தியார் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. தா.பழூரில் கட்டிக்கொடுத்தோம். இரண்டு வருஷத்தில் புருஷன் வாந்திபேதியில் போனான். அவள் அரியலூருக்கு எங்கள் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். புருஷனுக்கு ஓர் அண்ணன் உண்டு. அவனுக்கு நிறைய வயல், இரண்டு ஜோடி மாடு, கூலி கொடுக்க மனசு இல்லாத குணம். சம்பா நடவு வந்ததும் அவனுக்குத் தம்பி பெண்டாட்டியின் ஞாபகம் வந்தது. “எங்க வூட்டுப் பொண்ணு எங்க வூட்லதான் இருக்கணும். ஞாயித்துக்கெழம வண்டியோட வரேன்” என்று சொல்லி அனுப்பியிருந்தான். அப்பாவுக்கு அவனிடம் முடியாது என்று சொல்ல வாய் வராது. “அவ இங்க இல்ல” என்று மட்டும் சொல்ல வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டில் இல்லாமல் இருப்பது அவசியம்.

அரியலூரில் பருவம் இரண்டுதான். சுண்ணாம்புத் தூசி பறக்கும் காலம், சுண்ணாம்புச் சேறு ஒட்டும் காலம். மேற்கே போகப் போக மண் கறுப்பாகும், சேறும் கறுப்பாகும், பஸ்ஸும் நிற்கும். ஐப்பசியில் இந்தப் பக்கம் பயணம் வைப்பவன் புத்திசாலி இல்லை. ஆனால் சேர்க்கை ஐப்பசியில்தான். எங்கள் வசதிக்குச் சர்வேசுரன் மழையை மாற்றிவைக்க மாட்டார் என்று வாத்தியாரே சொன்னார்.

மழையைப் பற்றி அப்பா கவலைப்படவில்லை. அவர் கவலை கிழமையைப் பற்றி. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அந்தக் கிழமையில் அந்தத் திசைக்குக் கிளம்பினால் போன காரியம் விளங்காது. பெரம்பலூர் எங்களுக்கு நேர் மேற்கே இருக்கிறது. கொஞ்சம் வெல்லம் தின்றுவிட்டுப் போனால் தோஷம் இல்லை என்று பஞ்சாங்கமே பரிகாரமும் போட்டிருக்கிறது. ஆனால் வெல்லத்தின் மேல் அப்பாவுக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டிருந்தது. அதற்குக் காரணம் நான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை வெல்லத்தைத் தின்றுவிட்டு மேற்கே ஒரு சுண்ணாம்புச் சூளைக்கு வேலைக்குப் போனேன். சூளைக்குக் கரி போடும் வேலை, நைட் ஷிப்ட். பகலில் தூக்கம் வரவில்லை, இரவில் தூங்க விடவில்லை. பதினோராவது மாதம் ஒரு விடியற்காலை கரிக்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன். யாரும் துரத்தவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை, வந்தேன். அப்பா அதை என் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை, வெல்லத்தின் தோல்வியாக எடுத்துக்கொண்டார். மகளுக்கு அந்தத் தப்பு நடக்கக் கூடாது என்று பரஸ்தானம் வைக்க முடிவு செய்தார்.

பரஸ்தானம் வேறொன்றும் இல்லை. போகிற நாள் சரியில்லை என்றால், நல்ல நாளில் நல்ல நேரம் பார்த்துப் போகிறவரின் மூட்டையை மட்டும் வீட்டை விட்டுக் கிளப்பிவிடுவது. போகிற திசையில் இருக்கும் இன்னொரு வீட்டில் அதை வைத்துவிடுவார்கள். மூட்டை கிளம்பினால் ஆள் கிளம்பின மாதிரி. மறுநாள் ஆள் கையை வீசிக்கொண்டு போய், வழியில் மூட்டையை எடுத்துக்கொண்டு நடக்கலாம். சூலம் ஏமாந்துவிடும். கிளம்பின மூட்டை திரும்பச் சொந்த வாசற்படி ஏறக் கூடாது. பங்காளி வீட்டில் வைக்கக் கூடாது. எங்கள் தெருவில் மேற்கே இருந்த வீடுகளில் ஒன்பது பங்காளி வீடு. பத்தாவது வாத்தியார் வீடு.

அப்பா இன்னொரு காரியமும் செய்தார். கடிதத்தை மூட்டைக்குள் வைத்தார்.

“காயிதத்த நான் மடியில வச்சிக்கறேம்ப்பா” என்றாள் புஷ்பவல்லி.

“பழம் பொடவையக் கெளப்பறதுக்கா பரஸ்தானம்? நீ போறதே அந்தக் காயிதத்த வச்சித்தான். அது கெளம்புனாத்தான் நீ கெளம்புன மாதிரி.”

அவள் என்னைப் பார்த்தாள். வெல்லத்தைக் கெடுத்தவனுக்குப் பேச்சுரிமை கிடையாது.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அப்பா மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தார். பத்து வீடு தூரம். வாத்தியார் வாசலில் நின்று கும்பிட்டார்.

“வாங்க அய்யாக்கண்ணு. எங்க வூட்ல சூலத்துக்கு எடமே கெடையாதே, இத எங்க வைக்கிறது?”

“எங்க வேணா வைங்க வாத்தியாரே. மேக்க பாத்து வைங்க.”

வாத்தியார் சம்சாரம் மதலேனம்மாள் உள்ளேயிருந்து, “மாதா படத்துக்குக் கீழ வச்சிடுங்க. அந்தம்மாவும் கைப்புள்ளையத் தூக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா ஊரு விட்டு ஊரு போனவதான்” என்றாள்.

“அப்ப அவங்களும் நாள் பாத்துத்தான் கெளம்பியிருப்பாங்க” என்று அப்பா முழு மரியாதையோடு சொன்னார். வாத்தியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்பாவின் சிக்கனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரம்பலூருக்கு ஏதாவது வேலை என்றால் இருபது மைலும் நடந்தே போவார். பஸ் காசு மிச்சம். நடந்ததால் பசி எடுக்கும். ஓட்டலில் உட்கார்ந்து இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவார். மிச்சம் அதில் போய்விடும். செருப்புக்கு வார் தைக்கும் செலவு தனி. இதை ஒரு தடவை எடுத்துச் சொன்னேன். “பஸ்ஸுக்குக் குடுத்தா அது செலவு. வயித்துக்குப் போட்டா அது சாப்பாடு” என்றார். அப்படிப்பட்டவர் அந்த வியாழக்கிழமை இரவு, நான் கேட்காமலே, இரண்டு பேருக்கான பஸ் காசை என் கையில் வைத்தார். அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வேலையை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் இரவு இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. வெளியே வந்து நின்றேன். வாத்தியார் வீட்டு வாசலில் ஒரு வண்டி. மதலேனம்மாளின் தாயாருக்கு ஏலாக்குறிச்சியில் உயிர் இழுத்துக்கொண்டிருந்ததாம். அவள் வண்டிக்குள் அழுதுகொண்டிருந்தாள். வாத்தியார் கதவைப் பூட்டி, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, என்னைக் கண்டு, “சின்னதொர, வூட்டப் பாத்துக்க” என்றார். “பாத்துக்கறேங்க” என்றேன். வண்டி தெற்கே போனது. மூட்டை என் நினைவுக்கு வரவில்லை. விடிந்து அப்பா, “பொறப்படலாம்” என்று எழுந்தபோதுதான் உறைத்தது. அந்த ராத்திரி நான் விழித்திருந்ததை அப்பாவிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அப்படித்தான் ஐந்தரை மணிக்கு அந்தப் பூட்டின் முன்னால் நின்றோம்.

“என்னா மாமா, மூட்டைய உள்ள வச்சிட்டுப் பொண்ண வெளிய நிறுத்திட்டீங்க?” என்றாள் காத்தாயி.

அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டினார். பூட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

“ஒரு கல்ல எடுத்து ஒடைண்ணே” என்றாள் புஷ்பவல்லி.

எடுத்தேன். நாலு போடு போட்டேன். கல்தான் இரண்டாயிற்று.

“அது ஒடையாது. கதவு வேணா ஒடையும்” என்றாள் காத்தாயி.

அது ஒற்றை வாசல் வீடு. பின்சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்தவன் மாட்டுக்கொட்டகை. ஜன்னலுக்குக் கம்பி. மேலே நாட்டு ஓடு. நாட்டு ஓட்டை எடுக்க ஆயுதம் வேண்டாம், கை போதும். சுவர் ஏறினேன்.

“நைட்டு ஷிப்ட விட்டுட்டுப் பகல் ஷிப்ட்டா?” என்று காத்தாயி கீழிருந்து கேட்டாள். சாணி வாளியை வைத்துவிட்டு, நான் எடுத்துக் கொடுத்த ஓடுகளை அவள்தான் ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினாள். அதையும் சொல்ல வேண்டும்.

உள்ளே இறங்கினேன். மாதா படத்துக்குக் கீழே மூட்டை மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தது. மூட்டைக்கு முகம் ஏது என்று கேட்கக் கூடாது, முடிச்சுதான் முகம். பக்கத்தில் ஒரு சின்ன வெல்லப் பொட்டலம். மதலேனம்மாள் வைத்திருக்கிறாள். வேதக்காரிக்கு வெள்ளிக்கிழமைச் சூலம் எப்படித் தெரியும் என்று அப்போது நின்று யோசிக்க நேரமில்லை.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட்டுத் திறப்புக்கு நிமிர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே அப்பா குரல்.

“டேய்! கூர வழியா எடுக்காதடா!”

“வேற வழி ஏதுப்பா?”

“கூரையப் பிரிச்சி வெளிய கொண்டாறது பொணத்தத்தான்டா. ஆகாத நாள்ல செத்த பொணத்த. எம் பொண்ணு மூட்டைய அப்படி எடுக்காத.”

“நான் அப்படித்தானப்பா வெளிய வரணும்?”

“நீ எப்படியாவது வா.”

ஜன்னல் கம்பிக்குள் மூட்டை நுழையாது. அவிழ்த்தேன். ஒரு புடவை, இன்னொரு புடவை, இரண்டு ரவிக்கை, சீப்பு, பித்தளை டம்ளர், அரைப்படி அவல் என்று ஒவ்வொன்றாகக் கம்பி வழியே நீட்டினேன். புஷ்பவல்லி வாங்கினாள். அப்பா தன் மேல்துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கடிதம் கடைசியில் வந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தார். கடைசியாக மூட்டைத் துணியையும் வெல்லத்தையும் கொடுத்தேன். அப்பா பழைய துணியைத் தொடவில்லை. தன் துண்டிலேயே எல்லாவற்றையும் வைத்து முடிச்சுப் போட்டார். கட்டு அவிழ்ந்ததால் பரஸ்தானம் கெட்டதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. அவர் முகத்தில் அது தெரிந்தது.

நான் கூரை வழியாக வெளியே வந்தபோது மேற்கே இடி. ஓடு அடுக்க நின்றால் எனக்குப் பஸ் போய்விடும், அப்பாவுக்குச் சுவர் ஏற வராது. திறந்து கிடந்த கூரையை அப்பா பார்த்தார்.

“நீங்க போங்க. மழ வந்தா வாத்தியாரு வூடு நனையும். நான் இங்க இருக்கணும்” என்றார். பஸ் நிலையம் வரை வருவதாக இருந்தவர், ஊரான் வீட்டு ஓட்டுக்குக் காவல் உட்கார்ந்தார். மகளிடம், “எறங்குனதும் திரும்பிப் பாக்காமப் போ” என்று மட்டும் சொன்னார்.

ஏழு மணி பஸ் ஏழரைக்கும் நின்றுகொண்டிருந்தது. யுத்த காலம். பெட்ரோல் கிடையாது, எல்லாம் கரிப் பஸ். பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை, அதற்குள் கரி. அடியில் நெருப்பு வைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றடித்தால் புகை வரும். அந்தப் புகையில் எஞ்சின் ஓடும். கிளீனர் கை ஓயச் சுற்றிக்கொண்டிருந்தான். எட்டேகாலுக்கு எஞ்சின் இருமியது. கிளம்பினோம்.

வேகமாகப் போக நினைப்பவன் கரிப் பஸ்ஸில் ஏறக் கூடாது. மேட்டில் ஆண்கள் இறங்கித் தள்ளினோம். பள்ளத்தில் ஏறிக்கொண்டோம். நனைந்த சாலையில் முதலில் வெள்ளைச் சேறு, பிறகு கறுப்புச் சேறு. புஷ்பவல்லி வெல்லப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

“பரிகாரமா?” என்றேன்.

“பசிண்ணே” என்றாள்.

பேரளியைத் தாண்டி ஒரு மேட்டில் எஞ்சின் இரண்டு தரம் விக்கி நின்றுவிட்டது. கண்டக்டரின் கடிகாரத்தில் பத்தே முக்கால். பெரம்பலூருக்கு இன்னும் நாலு மைல்.

டிரைவர் வேணுகோபால் இறங்கிப் பின்பக்கம் வந்து உருளையை ஓர் உதை விட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான் போல. நானும் போய் மூடியைத் திறந்து பார்த்தேன். எனக்கு ஒரே பார்வையில் விளங்கியது. கிளீனர் நடுவழியில் நனைந்த கரியை மேலே கொட்டியிருக்கிறான். அடியில் இருந்த நெருப்புக்கு மூச்சு முட்டிவிட்டது.

“மேலாக்க இருக்கற ஈரக்கரிய வாரிக் கொட்டணும். சாக்குக்கு அடியில காஞ்சது இருக்கும். அதப் போட்டுச் சுத்துனா முக்கா மணியில புடிக்கும்” என்றேன்.

“நீ யாரு, எஞ்சினியரா?”

“சூளையில கரி போட்டவன்.”

“இப்ப எந்தச் சூள?”

“விட்டுட்டேன்.”

“வேலைய விட்டவன் எனக்கு வேல சொல்றான்” என்றார் வேணுகோபால். ஆனால் சாக்கை அவிழ்த்தார்.

புஷ்பவல்லி மூட்டையோடு கீழே இறங்கி நின்றாள். நான் சொன்னதைக் கேட்டிருந்தாள்.

“முக்கா மணியாண்ணே?”

“ஆமா.”

“நீ கரியப் பாரு. நான் நடக்கறேன்.”

“நில்லு, நானும் வரேன்.”

“நீ வந்தா கரிய யாரு பாப்பா? பஸ்ஸு புடிச்சிதுன்னா வந்து ஏத்திக்க. புடிக்கலன்னா நான் போய்ச் சேந்துடறேன்.”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சாலை நடுவில் போனாள். பஸ்ஸிலிருந்த ஒருவர், “வெள்ளிக்கெழம அதுவுமா வெறுங்கழுத்தோட ஒருத்தி தனியா முன்னால போறா, பஸ்ஸு எப்புடிப் புடிக்கும்?” என்றார். அவர் கையில் கரிக்கூடையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன்.

சூளையில் பதினோரு மாதம் நான் கற்றது ஒன்று உண்டு. நெருப்பை அவசரப்படுத்த முடியாது. ஈரத்தை வாரிக் கொட்டினேன். அடியில் இருந்த தணலைக் கலைக்காமல் காய்ந்த கரியைச் சின்னதாக உடைத்துப் பரப்பினேன். கிளீனரும் நானும் மாறி மாறிக் கைப்பிடியைச் சுற்றினோம். மழை தூறியது. புகை வெள்ளையாக வந்தது. அது உதவாது. பிறகு நீலமாயிற்று. “இப்பப் போடுங்க” என்றேன். எஞ்சின் பிடித்தது. நாற்பது நிமிஷம்.

“திரும்ப வேல வேணும்னா சொல்லு. ஓனருகிட்டப் பேசறேன்” என்றார் வேணுகோபால்.

“பகல்லயா, ராத்திரியிலயா?”

“விடியக்காலம் நாலு மணிக்கு நெருப்பு வைக்கணும்.”

“நாலு மணிக்கு நான் முழிச்சித்தான் இருப்பேன்” என்றேன்.

ஊருக்கு முக்கால் மைல் இருக்கும்போது அவளைக் கண்டோம். மூட்டை தலையில், புடவை முழங்கால் வரை, கால் முழுக்கக் கரிசல். நான் படியில் தொங்கிக்கொண்டு, “நிறுத்துங்க” என்று கத்தினேன்.

“மேடு! நிறுத்துனா திரும்பக் கெளம்பாது. ஓடி ஏறச் சொல்லு!” என்று டிரைவர் முன்னாலிருந்து கத்தினார்.

அவள் ஓடினாள். படியில் எனக்கு மேலே மூன்று பேர், எனக்குக் கீழே ஒரு கரிமூட்டை. “மூட்டையக் குடு” என்று கையை நீட்டினேன். கொடுத்தாள். கை காலியானதும் கம்பியைப் பிடிக்கத் தாவினாள். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. விழவில்லை, ஆனால் நின்றுவிட்டாள். பஸ் மேட்டைத் தாண்டிவிட்டது. மூட்டை என் கையில். அவள் பின்னால்.

குதித்திருக்கலாம். குதித்தால் இரண்டு பேரும் நேரங்கழித்துப் போய்ச் சேருவோம். கடிதம் நேரத்துக்குப் போனால் ஏதாவது பேசிப் பார்க்கலாம். “நான் முன்னால போறேன்!” என்று கத்தினேன். அவள் கையை வீசி, போ என்றாள். குனிந்து செருப்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி சாலையோரமாகவே இருந்தது. உயரமான மதில். பெரிய மரக்கதவு, அதற்குள் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு. சின்னக் கதவு திறந்திருந்தது. காவல்காரர் ஒருவர் சாவிக்கொத்தோடு நின்றார். காசிநாதன் என்று பெயர். சாலைக்கு எதிர்ப்புறம் புளியமரத்தடியில் ஒரு தகரப்பெட்டியின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் தங்கையை விடச் சின்னவள். பக்கத்தில் அவள் தகப்பன் நின்றான். ஏழாவது ஆள் யார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

காசிநாதன் உள்ளே குரல் கொடுத்தார். ஒரு கன்னியாஸ்திரி வந்தார். சிஸ்டர் சாந்தி மேரி, வரதராஜன்பேட்டைக்காரர் என்று பிறகு தெரிந்தது. இந்தப் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“பேரு?”

“புஷ்பவல்லிங்க. அரியலூரு. இருதயநாதன் வாத்தியாரு சொல்லி...”

“ஒம் பேரா புஷ்பவல்லி?”

“எந் தங்கச்சிங்க.”

“ஆள் எங்க?”

“வந்துகிட்டிருக்குங்க. மூட்ட முன்னால வந்துடுச்சு.”

“மூட்டைக்கா நான் பிரசவம் பாக்கச் சொல்லிக் குடுக்கப் போறேன்?”

காசிநாதன் குறுக்கே புகுந்தார். “பரஸ்தானம் மாதிரி சிஸ்டர். மூட்ட வந்துட்டா ஆள் கெளம்பியாச்சுன்னு அர்த்தம். சூலம் இல்ல இன்னக்கி?”

“அதெல்லாம் எனக்கும் தெரியும். எங்க ஊருலயும் பூசைக்குப் போறதுக்கு முந்தி சூலம் பாக்கறவுக இருக்காக. கெளம்புனதுக்கு இங்க எடம் கெடையாது. வந்து சேரணும்.” என்னைப் பார்த்தார். “கடுதாசி?”

அப்பாவின் துண்டை அவிழ்த்தேன். இந்தத் தடவையும் கடிதம் அடியில்தான் இருந்தது. சேறு படாமல், மடிப்புக் கலையாமல் இருந்தது. சிஸ்டர் வாங்கிப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். உள்ளே எங்கோ மணி அடித்தது. பன்னிரண்டு. காசிநாதன் சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார்.

சாலையைப் பார்த்தேன். யாரும் இல்லை. ஒரு மாட்டுவண்டி மட்டும் வந்துகொண்டிருந்தது.

புளியமரத்தடியிலிருந்து தகப்பன் எழுந்து வந்தான். துண்டை இடுப்பில் கட்டியிருந்தான். “மணி அடிச்சிடுச்சுங்க, சிஸ்டர்.”

“படிச்சிக்கிட்டிருக்கேன்ல” என்றார் சிஸ்டர்.

அச்சடித்த பகுதி அவர்களே அனுப்பியது. அதைப் படிக்க வேண்டியதில்லை. வாத்தியார் எழுதியது நாலு வரி. அவர் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நான்காம் வகுப்புப் பையன் ஒரு நிமிஷத்தில் படித்துவிடுவான். சிஸ்டர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். காகிதத்தைத் திருப்பி, ஒன்றும் எழுதாத பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடியும் முதல் வரிக்குப் போனார். தகப்பனும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அவர் கண் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாட்டுவண்டி விலகியது. அதன் பின்னால் புஷ்பவல்லி வந்தாள். ஓடி வரவில்லை. வேகமாக நடந்து வந்தாள். கதவுக்கு முன்னால் ஓடி வந்து நின்றால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும் என்று நினைத்திருப்பாள். முழங்கால் வரை கறுப்பு. ஒரு செருப்பு காலில், ஒன்று கையில்.

சிஸ்டர் கடிதத்தை மடித்தார். அவளை மேலிருந்து கீழே பார்த்தார்.

“எவ்வளவு தூரம் நடந்த?”

“நாலு மைலுங்க. நிக்காமத்தான் வந்தேன். பஸ்ஸுதான் நின்னுடுச்சு.”

“மூட்டைய நம்பி இருந்தா உள்ளயே விட்டிருக்க மாட்டேன்.” காலைக் காட்டினார். “இந்தக் காலோட பிரசவ வார்டு பக்கம் வரக் கூடாது. உள்ள போனதும் வலப்பக்கம் கெணறு. தேய்ச்சிக் கழுவிட்டு வா.”

சேர்த்துக்கொண்டோம் என்று அவர் சொல்லவில்லை. கிணறு எந்தப் பக்கம் என்று சொன்னார். புளியமரத்துத் தகப்பனுக்கும் அது போதுமானதாக இருந்தது. அவன் திரும்பிப் போய்த் தகரப்பெட்டியைத் தோளில் ஏற்றினான். அந்தப் பெண் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒட்டியிருந்த புளிய இலைகளைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

மூட்டையைப் புஷ்பவல்லியிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். மேகம் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

“அண்ணே, வாத்தியாரு வூட்டு ஓட்ட இன்னைக்கே அடுக்கிடு. அப்பா நனைஞ்சிக்கிட்டு ஒக்காந்திருக்கும்.”

“சரி.”

“அப்பாகிட்டச் சொல்லு. நாந்தான் கடைசியா வந்தேன், மூட்டதான் முன்னால வந்துச்சுன்னு சொல்லு. அதுக்கு அது போதும்.”

தலையைக் குனிந்து சின்னக் கதவுக்குள் நுழைந்தாள். அப்பா சொன்ன மாதிரியே திரும்பிப் பார்க்கவில்லை. சிஸ்டர் அவள் பின்னால் நுழைந்தார். காசிநாதனும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே சாவி ஒரு சுற்று சுற்றியது, பிறகு இன்னொரு சுற்று. பூட்டை அவர் மூன்று தரம் இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.